பட்டன் வயரே இல்லாத கேம் பெட்டி: போர்டு அடித்துத் தரும் சேவை எப்படி?

பையன்கள் வீட்டில் செய்து கொண்டுவரும் கேம் பெட்டிகளைத் திறப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. காவேரிப்பட்டணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற, சார்ஜிங் பின் மாற்ற என்று நாள் முழுக்க ஆள் வரும். அதற்கு நடுவில் பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் பையன்களும் கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் பையன்களும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ (சின்ன போர்டு வடிவக் கம்ப்யூட்டர், இனி பை என்றால் இதுதான்), 2.8 இன்ச் ஸ்கிரீன், ஒரு ஸ்பீக்கர், லித்தியம் பேட்டரி. வெளியே 3டி பிரிண்ட் அடித்த கூடு. "அக்கா, ஆன் ஆவுது, ஆனா லெஃப்ட் மட்டும் வேலை செய்யல."

மூடியைக் கழற்றினால் இடியாப்பம். லெஃப்ட் பட்டன் வயரைத் தேடிப் பிடித்து சால்டர் வைத்துவிடலாம், அது இரண்டு நிமிட வேலை. மூடும்போதுதான் வினை. நாலு வயர் மூடிக்கும் ஸ்க்ரூ தூணுக்கும் நடுவில் நசுங்கும், ஸ்கிரீன் வெள்ளையாகும், மறுபடி கழற்ற வேண்டும். இந்த வேலைக்கு என்ன கூலி கேட்பது? பாதி நாள் போகும். காலேஜ் பையனிடம் இருநூறு ரூபாய்க்கு மேல் வாய் வராது.

அதனால்தான் இந்தப் பையன்களுக்காக நானே ஒரு போர்டு, அதாவது வயருக்குப் பதில் செம்புக் கோடுகள் போட்ட பிசிபி, வரைந்து, பெங்களூர் பக்கம் உள்ள ஒரு பிசிபி கம்பெனியில் அடித்து வாங்கினேன். அந்தச் சேவை எப்படி, காசுக்கு வேலை இருக்கிறதா என்பதைப் பற்றித்தான் இந்த ரிவியூ. கம்பெனி பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன். இணையத்தில் ஃபைல் வாங்கி போர்டு அடிக்கிற கம்பெனிகளின் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான், அதனால் யாரிடம் கொடுத்தாலும் இது உதவும்.

முதலில் வயர் கணக்கு, ஏனென்றால் பையன்கள் யாரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. நாலு திசை, ஏ பி எக்ஸ் ஒய், எல் ஆர், ஸ்டார்ட், செலக்ட் என்று 12 பட்டன். கிரவுண்டைப் பொதுவாக எடுத்தாலும் 13 வயர். எஸ்பிஐ (SPI) இணைப்பில் ஓடும் ஸ்கிரீனுக்கு பவர், கிரவுண்ட், கிளாக், டேட்டா, செலக்ட், டிசி, ரீசெட், பேக்லைட் என்று 8. சவுண்ட் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) 5, ஸ்பீக்கருக்கு 2. பேட்டரி, சார்ஜர், சுவிட்ச், 5 வோல்ட் பூஸ்டர் இவற்றுக்கு நடுவில் ஒரு 6. ஆக 34 வயர், இரண்டு முனைக்கும் சேர்த்து 68 சால்டர். இதில் ஒன்று விட்டாலும் பெட்டி என் கடைக்கு வந்துவிடும்.

வயர் எங்கே விடும் என்பதும் எனக்கு மனப்பாடம். சால்டர் வைத்த புள்ளியில் விடாது. சூடு வைக்கும்போது ஈயம் வயருக்குள் ஏறி, இன்சுலேஷனுக்கு அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை விறைத்துப்போகும். அந்த விறைப்பு முடிந்து வளைகிற வயர் தொடங்கும் இடத்தில்தான் ஒடியும். வெளியிலிருந்து பார்த்தால் இன்சுலேஷன் முழுசாக இருக்கும், இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும், உள்ளே செம்பு அறுந்து கிடக்கும். ஹாட் க்ளூவை மேலே ஊற்றி வைத்திருந்தால் இன்னும் மோசம், க்ளூ முடிகிற விளிம்பில் ஒடியும்.

1989-ல் வந்த கையடக்க கேம் பெட்டியான நிண்டெண்டோ கேம் பாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பட்டனுக்கு வயரே கிடையாது. பட்டனுக்குக் கீழே ரப்பர், ரப்பருக்குக் கீழே போர்டிலேயே போட்ட காண்டாக்ட். முன் போர்டு, பின் போர்டு என்று இரண்டு, நடுவில் ஒரு பட்டை கேபிள். தனி வயர் என்று பார்த்தால் ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டுதான் கண்ணில் படும். நாலு டபுள் ஏ பேட்டரி போட்டு, குழந்தைகள் கீழே போட்டு உதைத்தும் வேலை செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2015 நவம்பரில் 5 டாலருக்கு பை ஜீரோ வந்த பிறகு, பழைய கேம் பாய் கூட்டுக்குள் அதைத் திணிக்கிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. திணித்தவர்கள் பலர் கையில் எடுத்தது வயரைத்தான். கூடு மட்டும் கேம் பாய், உள்ளே வேறு சங்கதி.

சரி, சேவைக்கு வருகிறேன்.

போர்டை வரைய கிகேட் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் முதலில் சர்க்யூட் படம், பிறகு போர்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே மோதல்கள் வெளியே வந்துவிடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரீன் வயரிங் படங்கள் பலவற்றில் பேக்லைட்டை ஜிபிஐஓ 18-ல் (வெளிச் சாமான்களைக் கட்ட பையில் இருக்கும் கால்களில் ஒன்று) கொடுத்திருப்பார்கள். மேக்ஸ்98357ஏ என்கிற ஐ2எஸ் (டிஜிட்டல் சவுண்ட்) ஆம்புக்கு கிளாக் வருவதும் அதே 18-ல்தான். பையன் ஒரு படத்தைப் பார்த்து ஸ்கிரீனைக் கட்டுவான், இன்னொரு படத்தைப் பார்த்து ஆம்பைக் கட்டுவான், இரண்டும் தனித்தனியாக ஓடும், சேர்த்தால் சத்தம் வரும்போது திரை மினுக்கும். கிகேட் படத்தில் இரண்டு கோடும் ஒரே காலுக்கு வந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பேக்லைட்டை வேறு காலுக்கு மாற்றிவிட்டுப் போகலாம்.

பையில் 40 கால் இருந்தாலும் நமக்கென்று தாராளமாக எடுக்கக்கூடியது 26. ஸ்கிரீனுக்கு 6, ஆம்புக்கு 3 போக மீதி 17. 12 பட்டனுக்குத் தனித்தனிக் கால் கொடுத்தாலும் மிச்சம் இருக்கிறது. ஆகவே கால் எண்ணிக்கையைக் கூட்டித் தரும் எக்ஸ்பாண்டர் சிப், ஷிஃப்ட் ரெஜிஸ்டர் எதுவும் தேவைப்படவில்லை. ரெசிஸ்டரும் வேண்டாம், பட்டனை அமுக்காதபோது காலை மேல் வோல்ட்டில் பிடித்து வைக்கும் புல்-அப் உள்ளேயே இருக்கிறது, பட்டனை அமுக்கினால் கிரவுண்டோடு சேரட்டும். ஜிபிஐஓ 3-ஐ மட்டும் பவர் பட்டனுக்கு ஒதுக்கினேன். ஷட்டவுன் ஆகிக் கிடக்கும் பையை அந்தக் காலை கிரவுண்டில் தொட்டு எழுப்பலாம். வயர் வைக்கிற காலத்தில் இந்த வசதியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, இருக்கிற காலில் சொருகினால் போதும் என்றுதான் இருந்தது.

வரைந்து முடித்ததும் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். போர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி, கூட்டுக்குள் வைத்துப் பாருங்கள். எங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் "பேப்பருக்கு ஃபிட் பண்ணிட்டேன்மா" என்று அன்பாகச் சின்னதாக்கிக் கொடுப்பார்கள். "அண்ணா, நூறு பர்சன்ட்ல போடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ஸ்க்ரூ ஓட்டை, ஸ்கிரீன் ஜன்னல், பட்டன் நடு எல்லாம் அந்த அட்டையிலேயே சரிபார்த்துவிடலாம். செலவு இரண்டு ரூபாய்.

கம்பெனியின் வலைத்தளத்தில் கெர்பர் ஃபைலை (போர்டு அடிக்கக் கொடுக்கும் வரைபட ஃபைல்) ஏற்றினால் போர்டு படமாகத் தெரிகிறது, விலையும் உடனே வருகிறது. 2 லேயர், 1.6 மில்லிமீட்டர் தடிமன், பச்சை நிறம், குறைந்தது 5 போர்டு. கூரியர், ஜிஎஸ்டி சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும், தங்க முலாம் கேட்டதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. கருப்பு நிறத்துக்குத் தனியாகக் காசு. கூட்டுக்குள் போய் மறைகிற போர்டுக்கு என்ன கருப்பு? பச்சையே எடுத்தேன்.

தங்க முலாம் மட்டும் வீண் ஆடம்பரம் இல்லை. நான் போட்டது கேம் பாய்க்கு விற்கிற ரப்பர் பேடுகள். ரப்பரின் அடியில் கருப்பாக ஒரு கார்பன் வட்டு இருக்கும், அதற்கு நேர் கீழே போர்டில் இரண்டு சீப்புகளைக் கோத்து வைத்த மாதிரி செம்புக் கோடுகள், நடுவில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. அமுக்கினால் வட்டு இரண்டையும் இணைக்கும். டிவி ரிமோட்டில் நடப்பதும் இதுவே. சாதாரண போர்டில் இந்தக் கோடுகள் மேல் ஈயம் பூசி வரும். ஈயம் உருகி உறையும்போது சமமாக உட்காராது, கோட்டின் நடுவில் மேடு தட்டும், வட்டு மேட்டில் மட்டும் தொடும். அதிலும் ஈயம் நாளாக ஆக மங்கும். தங்க முலாமில் அடியில் 3 முதல் 6 மைக்ரான் நிக்கல், மேலே 0.05 மைக்ரான் அளவுக்குத் தங்கம். கண்ணாடி போலத் தட்டையாக இருக்கிறது. அடகு வைக்க ஆகாது, ஆனால் லெஃப்ட் பட்டன் கேட்கும். ரப்பர் வேண்டாம், 6 மில்லிமீட்டர் டேக்ட் சுவிட்ச் போதும் என்பவர்கள் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம், டக் டக் என்ற சத்தத்தைச் சகித்துக்கொண்டால்.

ஆர்டர் போட்ட மறுநாள் கம்பெனியிலிருந்து போன். பேசியவர் தமிழர், பேச்சைக் கேட்டால் சேலம் பக்கம் போலிருந்தது. "மேடம், மூலையில இருக்கற நாலு ஓட்டைக்கு உள்ள செம்பு வேணுமா, வெறும் ஓட்டையா விட்டுரட்டுமா?" வெறும் ஓட்டை என்றேன். "ஸ்லைடு சுவிட்ச் கால் நீள ஓட்டையா வரைஞ்சிருக்கீங்க, எங்ககிட்ட அந்த அளவு கட்டர் இருக்கு, அப்படியே போட்டுர்றேன்." இவ்வளவுதான் பேச்சு. கேட்காமல் அவர்களாக ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தால் எனக்கு 5 போர்டும் குப்பை. இந்த ஒரு போனுக்காகவே மறுபடி அங்கே கொடுப்பேன். வெளிநாட்டுக் கம்பெனிகளில் போர்டு விலை இதைவிடக் குறைவு, சில சலுகைகளில் டீ செலவுக்கு போர்டு வந்துவிடும். ஆனால் கூரியர் போர்டைவிட அதிகம், அதன்மேல் கஸ்டம்ஸ் வரி, ஆதார் பான் என்று கேஒய்சி. கேள்வி வந்தாலும் ஈமெயிலில் ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அனுப்பியாகிவிட்டது என்று மெசேஜ் வந்த பிறகும் பெட்டி அவர்களிடமே கிடந்தது. நானாகப் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் கிளம்பியது. கூரியர்காரர் காவேரிப்பட்டணம் வரை வரவில்லை, கிருஷ்ணகிரி ஆபீசுக்கு நேரில் போய் வாங்கினேன். அந்தப் பக்கம் நமக்கு எப்படியும் ஸ்பேர் வாங்கப் போகிற வேலை உண்டு, பெரிய நஷ்டமில்லை. இன்னொன்று, போர்டின் முகப்பில், சரியாக நான் "பேட்டரி" என்று எழுதிய இடத்தை ஒட்டி, அவர்களுடைய ஆர்டர் எண்ணை அச்சடித்துவிட்டார்கள். எண்ணைப் பின்பக்கம் போடச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் பார்க்கவில்லை. ஓரங்களில், பல போர்டுகளைச் சேர்த்து அடிக்கும் பேனலிலிருந்து ஒடித்த இடம் பிசிறாக இருந்தது, அரம் வைத்துத் தேய்த்தேன். நாரிழைத் தூசி, தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

போர்டின் வேலைத்தரத்தில் குறை சொல்ல முடியாது. ஓட்டைகள் நடுவில் விழுந்திருந்தன, எழுத்து வாசிக்க முடிகிற அளவு தெளிவு. ஐந்தையும் மல்டிமீட்டரில் தட்டிப் பார்த்தேன், ஷார்ட் இல்லை, அறுந்த கோடும் இல்லை.

பவர் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பையன்கள் பேட்டரியிலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு 30 கேஜ் மெல்லிய வயரை இழுத்திருப்பார்கள். அந்த வயருக்கு மீட்டருக்கு 0.34 ஓம். போக 15 செ.மீ., வர 15 செ.மீ. என்றால் 0.1 ஓம். 1 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.1 வோல்ட் போய்விடும். மட்டமான சால்டரும் சேர்ந்தால் ஸ்பீக்கர் உறுமும்போதெல்லாம் பை ரீஸ்டார்ட் ஆகும். "அக்கா, பேட்டரி போயிடுச்சு போல" என்பார்கள். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். போர்டில் 5 வோல்ட் கோட்டை 1.5 மில்லிமீட்டர் அகலமாகப் போட்டு, காலியாக இருந்த இடம் முழுக்க கிரவுண்ட் செம்பை நிரப்பிவிட்டேன். அதற்குத் தனிக் காசு கிடையாது. செம்பை எடுத்தாலும் விட்டாலும் விலை ஒன்றுதான்.

எதையெல்லாம் போர்டில் ஏற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் பையன்களுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. சார்ஜிங் சிப், பூஸ்டர் சிப், ஆம்ப் சிப் எல்லாவற்றையும் போர்டிலேயே போட்டுவிடலாம், பார்க்க கம்பெனி ஐட்டம் மாதிரி இருக்கும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. சார்ஜிங்குக்கு டிபி4056 மாட்யூல் (சிப்பை ஏற்றிய ரெடிமேட் குட்டிப் போர்டு) கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கும், சில்லறைக் காசு. எரிந்தால் கழற்றிவிட்டு வேறு ஒன்று வைக்கலாம். போர்டிலேயே ஏற்றிவிட்டால் அந்தச் சிப்பு போகும்போது போர்டையே தூக்கி வைத்துக்கொண்டு ஹாட் ஏர் அடிக்க வேண்டும். அதனால் மாட்யூல்களுக்கு உட்காரும் இடம் மட்டும் போர்டில் கொடுத்தேன். பேட்டரிக்குச் சொருகிப் பிடுங்கும் ஜேஎஸ்டி கனெக்டர், ஸ்பீக்கருக்கு இன்னொன்று, ஸ்கிரீனுக்கும் பைக்கும் சாக்கெட். சாக்கெட் 8.5 மில்லிமீட்டர் உயரம் எடுக்கும், பெட்டி கொஞ்சம் தடிமனாகும். கேம் பாயே 32 மில்லிமீட்டர் தடிமன்தான், அதை யாரும் குறை சொல்லவில்லை.

டிபி4056 வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். பேட்டரி பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்த மாட்யூலா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டு வகையும் ஒரே மாதிரி இருக்கும். மாட்யூலில் 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தால் 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். கையடக்கப் பெட்டிக்குப் போடுகிற சின்ன பேட்டரிக்கு அது அதிகம். அந்த ரெசிஸ்டரை 2 கிலோஓமாக மாற்றினால் 580 மில்லிஆம்பியருக்கு இறங்கும். ஜேஎஸ்டி கனெக்டரில் சிவப்பு எந்தப் பக்கம் என்பதற்குக் கடைக்குக் கடை ஒரு வழக்கம். அதனால்தான் போர்டில் பிளஸ் மைனஸைப் பெரிதாக எழுதினேன். ஆர்டர் எண் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது எனக்கு எரிச்சல் தந்ததும் இதனால்தான்.

இப்போது அந்தப் பெட்டிகளைத் திறப்பது எப்படி இருக்கிறது? ஆறு ஸ்க்ரூ. மூடி தனியாக வருகிறது, பேட்டரியைப் பிடுங்கு, ஸ்பீக்கரைப் பிடுங்கு, போர்டு கையில். லெஃப்ட் கேட்கவில்லை என்றால் ஐபிஏ (துடைக்கும் ஆல்கஹால்) தொட்ட பட்ஸால் துடை. பை போய்விட்டதா, சாக்கெட்டிலிருந்து உருவி வேறு ஒன்று சொருகு. இதைச் செய்ய நான் தேவையில்லை. வரைந்தவளே வர வேண்டும் என்கிற நிலை இல்லாமல் எந்த சர்வீஸ் கடையிலும், ஏன் அந்தப் பையனாலேயே கூட, திறந்து மூட முடிகிறது. எனக்கு வருமானம் கொஞ்சம் குறைந்தது, அதில் வருத்தமில்லை.

யாருக்கு இது வேண்டாம்? நாலு பட்டன், ஒரு குட்டி ஓஎல்இடி திரை என்று ஒரே ஒரு பெட்டி செய்கிறவர்களுக்கு வேண்டாம். ஜீரோ பிசிபி (வரிசையாக ஓட்டை மட்டும் போட்ட பொதுப் போர்டு) வாங்கி அதிலேயே சால்டர் வைத்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் முடியும். 12 பட்டன் என்றால் யோசிக்காமல் போர்டு அடியுங்கள். தனியாக வாங்கினால் பாரம், 5 பேர் சேர்ந்தால் ஒரு ஆளுக்கு ஒரு பிரியாணிக் காசுதான் கூடுதலாகும். என்னிடம் மிச்சமிருந்த நாலும் அப்படித்தான் அடக்க விலைக்குப் போயின.

எல், ஆர் பட்டன் இரண்டும் இன்னும் வயரில்தான் இருக்கின்றன. அவை கூட்டின் மேல் விளிம்பில், பெரிய போர்டுக்குக் குறுக்காக நிற்கின்றன. அதற்கென்று விரல் அகலத்தில் ஒரு குட்டிப் போர்டு வரைந்து, பெரிய போர்டோடு ஒட்டியே அடித்து, வந்ததும் ஒடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கம்பெனியில் கேட்டால் ஒரே ஃபைலில் இரண்டு டிசைன் என்று தனிக் கட்டணம் சொல்கிறார்கள், அதுவும் சின்னத் தொகை இல்லை. நடுவில் ஓட்டை வரிசையை நானே போட்டு ஒரே டிசைனாகக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா என்று அந்தச் சேலத்துக்காரரிடம் கேட்டிருக்கிறேன். "அனுப்புங்க மேடம், பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.